வண்டிக்கு மிஞ்சின பிரேக்கு

கிட்ட வந்து உக்காருங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட. அங்கே தள்ளி உக்காந்தா நான் குரலை எடுத்துப் பேசணும், குரலை எடுத்தா பக்கத்து வீட்டுக்குக் கேக்கும், கேட்டா அவங்க எந்திரிச்சு வந்து "அன்னைக்கு நடந்தது அப்படியில்லை"ன்னு ஆரம்பிப்பாங்க, ஏன்னா மேல்சுள்ளிக்காட்டுல இந்தக் கதையை ஆளுக்கு ஒரு மாதிரி வெச்சிருக்காங்க, அடுத்தவர் சொல்றது பொய்யின்னு ஒவ்வொருத்தரும் நம்பறாங்க. நான் சொல்றதையும் நீங்க முழுசா நம்ப வேண்டாம். காதை மட்டும் இந்தப் பக்கம் குடுங்க.

ஊசிமலைக்கு ஒரே ரோடு, அதுல இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. ரோட்டோட தலைமாட்டுல எங்க ஊரு, கால்மாட்டுல ஆசுபத்திரி, தாலுக்கா ஆபீசு, மருந்துக்கடை, மனுசனுக்கு வேண்டிய மத்ததெல்லாம். கீழே போக ஒரு நாளைக்கு மூணு பஸ்ஸு. பஸ்ஸு தவறினா செங்கோடன்.

செங்கோடன் ஒரு குட்டிக் காரு வெச்சிருந்தான். வெளுத்த நீலம், நாலு பேர் ஏறினா அஞ்சாவது ஆளு அடுத்தவர் மடியில. ரெண்டாம் கியர்ல போட்டு மெதுவா உருட்டிக்கிட்டு எறங்கினாலும் வளைவுக்கு வளைவு பிரேக்கை ஒரு மிதி மிதிச்சே ஆகணும், அப்படி மிதிச்சு மிதிச்சு ஒரு நாள் பத்தொம்பதாவது வளைவுல சூடேறிப்போயி மிதி அடிப்பலகை வரைக்கும் போயிருச்சு. உள்ளே மூணு டீச்சருங்க. செங்கோடன் வண்டியை மலைப்பக்கமா ஒடிச்சு மண்கரையில உரசி நிறுத்தினான். யாருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை, ஆனா அன்னையில இருந்து அவன் சோத்துல கை வெச்சா கை நடுங்குச்சு, அதைப் பொண்டாட்டி பாவாயி பாத்துட்டாள், அவள் பாத்துட்டாங்கிறதை அவனும் பாத்துட்டான்.

அதனால கோயமுத்தூருக்குப் போயி, பழைய வண்டிகளை உடைச்சு விக்கிற எடத்துல தேடினான். அங்கே வெளிநாட்டுக் காரு ஒண்ணு பின்பக்கம் நசுங்கிக் கெடந்தது, நீளத்துக்கு நம்ம மாரியம்மன் கோயில் பந்தல் அளவு இருக்கும். அதோட முன் சக்கரத்து பிரேக்கு டிஸ்க்கு ரெண்டும் சோத்துத் தட்டை விடப் பெருசு, அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் ஒவ்வொண்ணும் ஒரு பொடிப் பன்னிக்குட்டி கனம்.

"எந்த வண்டிக்குங்ண்ணா?"ன்னு கடைக்காரன் கேட்டான்.

செங்கோடன் வண்டிப் பேரைச் சொன்னான்.

"ஆட்டுக்குட்டியைக் கட்டறதுக்கு யானைச் சங்கிலி வாங்கறீங்க."

"பெருசா இருந்தா பத்திரம்தானுங்களே"ன்னான் செங்கோடன். மலைமேல இருக்கிறவங்க எல்லாரும் அப்படித்தான் நினைப்போம். குடையில இருந்து குண்டான் வரைக்கும் பெருசுதான் பத்திரம்.

ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டு முன்னாடியே மாட்டினான். பின் சக்கரத்துக்குக் கல் குடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில தூக்கி, ஜாக்கி நழுவினாலும் கால் தப்பட்டும்னு பலாக்கட்டை ரெண்டை அடியில அடுக்கி வேலையை ஆரம்பிச்சான். பழைய பிரேக்கு கழண்டு வர்றப்பவே டிஸ்க்கு விரிசல் விட்டிருந்தது, அதை அன்னைக்கே பழைய இரும்புக்காரன் தராசுல ஏத்திக்கிட்டுப் போயிட்டான். புதுசை உக்கார வெக்க பட்டறையில கடைஞ்ச இரும்புத் துண்டு மூணு தடவை பொருந்தலை, நாலாவது தடவை பொருந்துச்சு. பொருந்தின பின்னாடி பாத்தா பழைய சக்கரம் அதுக்கு மேல ஏறலை, காலிப்பர் இடிக்குது. ரெண்டு இஞ்சு பெரிய சக்கரம் ரெண்டு தேடிப்பிடிச்சு மாட்டினதும் காரு முன்பக்கம் தூக்கிக்கிட்டு, யாரையோ மோந்து பாக்கிற நாயாட்டம் நின்னுச்சு.

கடைசி வேலை, பிரேக்கு ஆயில் குழாய்ல இருக்கிற காத்தை எடுக்கிறது. அதுக்கு ரெண்டு ஆளு வேணும். ஒருத்தர் உள்ளே உக்காந்து மிதிக்கணும், ஒருத்தர் சக்கரத்துக்கிட்டப் படுத்துக்கிட்டு திருகைத் தொறந்து மூடணும். பாவாயி ஏறி உக்காந்தாள். இருவத்திரெண்டு வருசமா தையல் மிஷின் மிதிச்ச காலு.

"மிதி புள்ளை."

"மிதிச்சுட்டேனுங்க."

"அப்படியே புடி. உட்டுராதே."

"நான் எதை உட்டிருக்கேன்?"

புஸ்ஸுன்னு காத்து போச்சு, ஆயில் வந்துச்சு. சிந்தின ஆயில் பட்ட எடத்துல வண்டியோட நீலப் பெயிண்டு உரிஞ்சு வந்துச்சு, பாவாயி ஒரு குடம் தண்ணியை ஊத்தினாள்.

இப்ப, புது பிரேக்கு போட்டா அதைப் பழக்கணும். வேகம் எடுத்து மிதிக்கணும், முழுசா நிக்க விடாம மறுபடி வேகம் எடுக்கணும், பத்துத் தடவை. செங்கோடன் பள்ளிக்கூடத்துல இருந்து குளத்து மேடு வரைக்கும் தெருவுல போக வர ஓட்டினான்.

முதல் மிதியில மாவு மில்லு நின்னுச்சு, உள்ளே பாதி மொளகா அரைபட்டு பாதி முழுசா. ரெண்டாவது மிதியில அங்காயிக்குப் பதினோரு நாளா இருந்த விக்கல் நின்னுச்சு. மூணாவது மிதியில வையாபுரியும் அர்த்தநாரியும் போட்டுக்கிட்டிருந்த சண்டை நின்னுச்சு, ரெண்டு பேரும் வாயைத் தொறந்தபடி, கையை ஓங்கினபடி, ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு. நாலாவதுக்கு ஒரு சேவல். அப்புறம் பஞ்சாயத்துக் குழாய், கோயில் ஒலிபெருக்கி, பலாமரத்துல அடிச்ச காத்து, யாரோ ஒரு வீட்டுல கொதிச்ச குழம்பு, இப்படியே பத்து மிதிக்குப் பத்து.

ஊர் கூடி நின்னு பேசிச்சு. பாவாயிதான் சொன்னாள்: "அது பெரிய வண்டிக்குச் செஞ்ச பிரேக்குங்க. நம்ம வண்டியை நிறுத்த அதுல கால்வாசி போதும். மிச்சம் முக்கால்வாசி எங்க போவும்?"

அதானேன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. அங்காயி மட்டும் தன் நெஞ்சைத் தடவிப் பாத்துக்கிட்டே, "முக்கால்வாசி ரொம்ப அதிகமாட்டம் இருக்குது அம்மணி"ன்னாள்.

முதல் பத்து நாளு ஊருக்குக் கொண்டாட்டம். பல்வலிக்காரங்க அவன் வண்டியில கீழே போனாங்க, மூணாவது வளைவுலயே வலி நின்னு, ஆசுபத்திரி வாசலைக்கூட மிதிக்காமத் திரும்பி வந்தாங்க. வாந்தி எடுக்கிறவங்களுக்கு வாந்தி நின்னுச்சு. டீச்சருங்க பேசிக்கிட்டே ஏறுவாங்க, கீழே எறங்கறப்போ ஊமையா எறங்குவாங்க. காளியண்ணன் பொண்டாட்டி வந்து, அவரு சாராயக்கடைக்குக் கெளம்பற நேரமாப் பாத்து ஒரு மிதி மிதிங்கன்னு கெஞ்சினாள். மிதிச்சான். குடி நிக்கலை, நடைதான் நின்னுச்சு. மூணு நாளு தெருவுல நின்ன எடத்துலயே நின்னாரு, சோறு ஊட்டினாங்க, யாரோ போயி பாட்டிலை வாங்கிட்டு வந்தும் குடுத்தாங்க.

அப்போதான் ஊரு அந்த வண்டியைக் கொஞ்சம் சாய்ஞ்ச பார்வை பாக்க ஆரம்பிச்சுது. ஒரு பழக்கம் வந்துச்சு. தெருவுல பிரேக்கு சத்தம் கேட்டா எல்லாரும் கையில இருக்கிற வேலையைப் போட்டுட்டு வாசலுக்கு வந்து, "என்ன நின்னுச்சு? என்ன நின்னுச்சு?"ன்னு கேப்பாங்க. எவர் வீட்டுலயாவது பதில் வரும். எங்க மிக்சி. எங்க கொழந்தை அழுகை. எங்க மாமியார் பேச்சு. பதில் வந்ததும் மத்தவங்க மூச்சு விட்டுட்டு உள்ளே போவாங்க. ஆனா உள்ளே போனவங்க சும்மா இருக்கலை. கோழி முட்டை விடலைன்னா செங்கோடன். திருப்பூர்ல இருக்கிற மகன் போன் பண்றதை நிறுத்திட்டான்னா செங்கோடன். காளியண்ணன் மகளுக்கு நடந்த கல்யாணப் பேச்சு நின்னுபோனப்போ, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்த அன்னைக்கு அவன் வேணும்னே வாசல்ல மிதிச்சான்னு சொன்னாங்க. அவன் அன்னைக்கு ஊர்லயே இல்லை. இல்லாதப்போ எப்படி மிதிச்சான்னு கேட்டா, அதுதான் இன்னும் சந்தேகமா இருக்குதுன்னாங்க.

செங்கோடன் பேசறதைக் கொறைச்சுக்கிட்டான். தெருவுல மட்டும் இன்ஜினை அணைச்சுட்டு வண்டியைத் தள்ளிக்கிட்டே போவான், ஏற வந்தவங்களும் எறங்கித் தள்ளுவாங்க. நிறுத்தணும்னா பொண்டாட்டியோ தெருவுல போறவங்களோ முன்னாடி ஓடி சக்கரத்துக்குக் கல் வெக்கணும். மலையிலயே நல்ல பிரேக்கு வெச்சிருந்தவன் வண்டியைக் கல்லு போட்டு நிறுத்தினான்.

இதுல பாவாயி ரெண்டு விசயம் கவனிச்சு வெச்சிருந்தாள். ஒண்ணு, மிஞ்சின பிரேக்கு எப்பவும் பக்கத்துல எது பெரிய சத்தமா ஓடுதோ அதைத்தான் புடிக்குது. மில்லு ஓடறப்போ விக்கலைத் தொடலை, மில்லு நின்ன பின்னாடிதான் விக்கல். சத்தம் ஒண்ணுமே இல்லேன்னா அது உடம்புக்குள்ள தேடுது. ஒரு நாளு செங்கோடன் தனியா, ரேடியோகூட இல்லாம எறங்கினப்போ ஒன்பதாவது வளைவுல அவன் மீசை வளர்றது நின்னுபோச்சு, அப்புறம் அது வளரவே இல்லை. ரெண்டாவது விசயம், நின்னதுல முக்கால்வாசி நின்னது நின்னதுதான், மில்லு, குழாய் மாதிரி சிலது மட்டும் நாள் கணக்கு போயித்தான் திரும்ப ஓடுச்சு. வையாபுரி அர்த்தநாரி சண்டை மட்டும் எத்தனை தடவை நின்னாலும், சீண்டி விட்டா மறுபடி புடிச்சுக்கும்.

அந்த ரெண்டு பேரும் பங்காளிங்க, அடுத்தடுத்த வீடு. வையாபுரி வீட்டுச் சாக்கடை அர்த்தநாரி வாசல் வழியாப் போகுது. ஒன்பது வருசச் சண்டை.

ஒரு வியாழக்கிழமை காலையில, வண்டியைத் தள்ளிக்கிட்டு வர்றப்போ எறக்கத்துல கை நழுவிடுச்சு. எதிர்ல ஒரு கன்னுக்குட்டி. செங்கோடன் ஓடிப்போயி கதவு வழியாத் தாவி ஏறி ஒரு மிதி மிதிச்சான். கன்னுக்குட்டி தப்பிச்சுது. ஊரு வாசலுக்கு வந்துச்சு.

"என்ன நின்னுச்சு?"

யாரும் பேசலை.

"மில்லு?" ஓடுது. "குழாய்?" வருது. "அங்காயி, உனக்கு?" "எனக்கு ஒண்ணும் ஓடவே இல்லையே நிக்கறதுக்கு." சேவல் கூவுது, குழம்பு கொதிக்குது, சண்டைகூட நடந்துக்கிட்டுத்தான் இருக்குது, ஆனா அது தெருவோட அந்தக் கோடியில. இருவத்தி மூணு வீட்டுலயும் கேட்டாச்சு, ஒருத்தரும் என்னோடதுன்னு சொல்லலை.

அப்போதான் ஊரு உண்மையிலயே பயந்துச்சு. ஒருத்தர் மறைக்கிறாங்கன்னு எல்லாருக்கும் தோணுச்சு. பொண்டாட்டி புருசனை உத்துப் பாத்தாள், என்மேல இருந்த ஆசைதான் நின்னுபோச்சோன்னு. மாமியார் மருமகளை விளக்கை ஏத்தச் சொல்லி முகத்தைப் பாத்தாள். பூசாரி சாமி முன்னாடி ரொம்ப நேரம் நின்னுட்டு வெளியே வந்து, "உள்ளே எல்லாம் சரியாத்தான் இருக்குது"ன்னாரு, அவரு சொன்ன விதத்துல யாருக்கும் நிம்மதி வரலை. அடுத்தவர் வீட்டுக்குள்ள புகுந்து கடிகாரத்தைப் பாத்தாங்க, தொட்டில்ல தூங்கற கொழந்தை மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பாத்தாங்க. மத்தியானம் வரைக்கும் இப்படியே போச்சு.

மத்தியானம் பாவாயி மகள் மைதிலி, தலைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தவள், ஏழு மாசம், தையல் மிஷினுக்குப் பக்கத்துல வந்து உக்காந்தாள்.

"அம்மா."

"என்ன கண்ணு?"

"காலையில இட்லி திங்கறப்போ உதைச்சுது. அப்புறம் அசையலைம்மா."

பாவாயி மிஷினை நிறுத்தினாள். "எப்போயிருந்து?"

"பிரேக்கு சத்தம் கேட்டுதே, அதுல இருந்து."

பாவாயி மகள் வயித்துல காதை வெச்சாள். வெல்லத் தண்ணி குடுத்து இடதுபக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, கையை எடுக்காம உக்காந்தாள். ஒண்ணும் அசையலை. ஆம்புலன்சுக்குப் போன் போட்டாங்க. வேற ஒரு கேசுக்குப் போயிருக்குது, மேல வர ரெண்டரை மணி நேரம் ஆகும்னாங்க. அடுத்த பஸ்ஸு சாயங்காலம். எங்க ஊரு நர்சம்மா கீழே மீட்டிங்குல.

வாசல்ல ஊரு நின்னுச்சு. காலையில இருந்து தேடினது கெடைச்சுப்போச்சுன்னு ஒருத்தர் முகத்துல நிம்மதி வந்து, வந்த வேகத்துல வெக்கப்பட்டுப் போச்சு.

செங்கோடன் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு சக்கரத்துக்கிட்ட உக்காந்தான், நட்டு புடிபடலை. "கழட்டிப் போட்டுடறேன். இது வேண்டாம்."

"கழட்டிட்டு எதைப் போடுவீங்க?"ன்னாள் பாவாயி. "பழசு இரும்புக்காரன்கிட்டப் போயாச்சு."

"வளைவுக்கு ஒரு மிதின்னாலும் இருவத்தேழு மிதி, பாவாயி. உள்ளே சத்தமில்லாம உக்காந்திருக்கிற பொண்ணு. ஒரு துளி இன்னும் ஓடிக்கிட்டிருந்தா அதையும் நானே..."

"ஸ்பேனரைக் கீழ வையுங்க."

அவள் நேரா தெருக்கோடிக்குப் போனாள். வையாபுரியும் அர்த்தநாரியும் சாக்கடைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்னுக்கிட்டிருந்தாங்க.

"ரெண்டு பேரும் வந்து வண்டியில ஏறுங்கண்ணா."

"எதுக்கு அம்மணி?"ன்னாரு வையாபுரி.

"சண்டை போடறதுக்கு."

"இவன்கூட ஒரே வண்டியிலயா?"ன்னாரு அர்த்தநாரி. "பொணத்தைத் தூக்கறதுன்னாலும் இவன் ஒரு பக்கம் புடிச்சா நான் மறுபக்கம் புடிக்க மாட்டேன்."

"அதேதாங்கண்ணா. அதை வண்டியில வந்து சொல்லுங்க. இதைவிடச் சத்தமாச் சொல்லுங்க. என் மகளுக்குள்ள ஓடறதை விடப் பெருசா ஒண்ணு அந்த வண்டியில ஓடிக்கிட்டே இருக்கணும், கீழ போய்ச் சேர்ற வரைக்கும்."

ரெண்டு பேரும் செருப்பைத் தேடிப் போட்டாங்க.

முன்னாடி செங்கோடனும் மைதிலியும். பின்னாடி அந்த ரெண்டு பேரு, நடுவுல பாவாயி. ஊரே சேர்ந்து எல்லை வரைக்கும் தள்ளி விட்டுச்சு. முதல் வளைவு தெரியறப்போ பாவாயி வையாபுரி பக்கம் திரும்பி, "உங்க ஊட்டுத் தண்ணி இன்னைக்கும் அண்ணன் வாசல்லதானுங்களே நிக்குது?"ன்னாள்.

"நிக்குது"ன்னாரு அர்த்தநாரி. "எங்க அப்பன் செத்த அன்னைக்குக் கூட நின்னுச்சு. பாடையை அந்தத் தண்ணியில மிதிச்சுத்தான் தூக்கிட்டுப் போனோம்."

"உங்க அப்பன்தான் அந்த வாய்க்காலை அங்கே வெட்டினாரு, செத்த மனுசனைச் சொல்ல வெக்காதே..."

செங்கோடன் மிதிச்சான். சண்டை நின்னுச்சு. வையாபுரி வாய் தொறந்தபடி இருந்துச்சு, சத்தம் இல்லை. வண்டி திரும்புச்சு. மைதிலி மூச்சு விட்டாள். பாவாயி ரெண்டு முழங்கையாலயும் ரெண்டு பேரையும் இடிச்சாள், சண்டை மறுபடி புடிச்சுக்கிச்சு.

ரெண்டாவது வளைவு, மூணாவது வளைவு. சாக்கடை தீர்ந்து பலாமரத்துக்கு வந்தாங்க, பலாமரம் தீர்ந்து மோட்டாருக்கு வந்தாங்க, மோட்டார் தீர்ந்து வையாபுரி மகள் கல்யாணத்துல அர்த்தநாரிக்கு ரெண்டாவது பந்தியில எல போட்ட கதைக்கு வந்தாங்க, அதுலயே நாலு வளைவு போச்சு. ஆனா பாவாயி எதிர்பாக்காத ஒண்ணு நடந்துக்கிட்டிருந்துச்சு. ஒவ்வொரு மிதியிலயும் வாய் நின்னுதே தவிர காது நிக்கலை. ஒன்பது வருசமா ஒருத்தர் பேசறப்போ இன்னொருத்தரும் பேசிக்கிட்டே இருந்ததால ரெண்டு பேருமே அடுத்தவர் சொன்னதைக் கேட்டதில்லை. இப்போ வளைவுக்கு வளைவு, வாய் கட்டிக் கெடக்கிற நேரத்துல, கடைசியாக் கேட்ட வார்த்தை காதுக்குள்ளயே உக்காந்துக்கிச்சு.

பதினாலாவது வளைவுக்கு அப்புறம் அர்த்தநாரி, "என்னை ரெண்டாவது பந்தியில உக்கார வெச்சது உனக்குத் தெரியாதுன்னு நீ அப்பவே சொல்லியிருக்கலாம்"ன்னாரு. குரல்ல பழைய காரம் இல்லை.

"சொன்னேன். நீ எந்திரிச்சுப் போயிட்டே."

"சத்தமாப் பேசுங்கண்ணா"ன்னாள் பாவாயி.

பேசினாங்க. அங்காளம்மன் கோயில் வரி, எரவலா வாங்கின கடப்பாரை, மாட்டுக்கு வெச்ச பேரு. இருபதாவது வளைவுல சண்டைக்குப் புதுச் சரக்கு இல்லாம முதல்ல இருந்து சாக்கடைக்கே வந்தாங்க, இந்தத் தடவை அர்த்தநாரி, "ஒரு குழாய் பொதைச்சா முடிஞ்சு போற வேலை"ன்னாரு. இருபத்தி மூணாவதுல வையாபுரி, "உனக்கு அம்மை போட்டப்போ வேப்பிலை ஒடிக்க நான்தான்டா மரத்துல ஏறினேன்"னு ஆரம்பிச்சாரு. திட்டற மாதிரிதான் ஆரம்பிச்சாரு, முடிக்கறப்போ அது திட்டாவே இல்லை. இருபத்தி ஆறாவது வளைவுக்கு மிச்சம் இருந்த கோவத்தை ரெண்டு பேரும் சேர்ந்து எப்படியோ தேத்தினாங்க, செங்கோடன் மிதிச்சான், அதுவும் நின்னுச்சு.

அப்புறம் பாவாயி மடிக்கு மேல, அவளைத் தாண்டி, அர்த்தநாரி கை வையாபுரி கையைத் தேடிப் புடிச்சுக்கிச்சு.

"போதும்டா"ன்னாரு வையாபுரி. "எவ்வளவு காலம்."

"போதும்."

வண்டிக்குள்ள அவ்வளவு அமைதி. டயர் சத்தம் மட்டும். முன்னாடி கடைசி வளைவு, எல்லாத்துலயும் செங்குத்தானது, கல்சுவருக்கு அந்தப் பக்கம் ஆகாசம். செங்கோடன் கண்ணாடியில பாவாயியைப் பாத்தான். மைதிலி ரெண்டு கையாலயும் வயித்தைப் பொத்தி, கண்ணை மூடிக்கிட்டாள்.

பாவாயி அந்த ரெண்டு கையையும் பாத்தாள். ரெண்டும் கெழட்டுக் கை, நரம்பு எழும்பி, விரலோட விரல் கோத்து. ஒரு மூச்சு விட்டாள்.

"அர்த்தநாரியண்ணா, சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். உங்க மொளகுத் தோட்டத்து வேலியை வருசத்துக்கு ஒரு சாண் உள்ளே தள்ளிப் போட்டுக்கிட்டே வர்றேன், அந்த மடையனுக்குத் தெரியவே தெரியாதுன்னு வையாபுரியண்ணன் எங்க ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லிச் சிரிச்சாருங்க."

அது பொய்யி. அப்படி ஒரு பேச்சு நடக்கவே இல்லை. எனக்கு எப்படித் தெரியும்னா, பாவாயியே எனக்குச் சொன்னாள்.

கை விட்டுப்போச்சு. அர்த்தநாரி கத்தினது முதல்ல வார்த்தையாவே இல்லை. வையாபுரி, "அம்மணி, நான் எப்போ"ன்னு அவள் பக்கம் திரும்பினாரு, அதுக்குள்ள சட்டைக் காலரை அர்த்தநாரி புடிச்சுட்டாரு, வண்டியே ஒரு பக்கம் ஆடுச்சு, ஒன்பது வருசத்துல அந்த ரெண்டு பேரும் போடாத சண்டை அது, அவ்வளவு பெருசு. செங்கோடன் மிதிச்சான். நின்னுச்சு. வண்டி வளைவு திரும்பி சமதரைக்கு வந்துச்சு.

ஆசுபத்திரியில டாக்டரம்மா மைதிலி வயித்துல கருவியை வெச்சு நகர்த்தினாங்க. அங்கே இல்லை. இன்னொரு எடம், அங்கேயும் இல்லை. வலதுபக்கமா, விலாவுக்குக் கீழ கொண்டு போனப்போ கேட்டுச்சு, ஓட்டமா ஓடற குதிரைக் குளம்பு மாதிரி, அந்த அறை முழுக்க.

"நல்லா இருக்குது. முதுகை வெளிப்பக்கம் திருப்பிப் படுத்திருக்கு, அதான் உதைக்கறது உங்களுக்குத் தெரியலை. உடனே வந்தது நல்லது. இப்படி மறுபடி தோணினாலும் காத்துக்கிட்டு இருக்காதீங்க." கார்டுல எழுதி, பிரசவத்துக்குக் கட்டாயம் இங்கேதான் வரணும், மலைமேல வெச்சுக்கக் கூடாதுன்னும் சொன்னாங்க.

மைதிலி அழுதாள். செங்கோடன் வராந்தாவுல போயி சுவத்தைப் பாத்து நின்னான். பாவாயி அந்தக் கருவி சத்தத்தை இன்னொரு தடவை கேக்க வெக்கச் சொன்னாள், டாக்டரம்மா வெச்சாங்க.

மேலே ஏற பிரேக்கு வேண்டியதில்லை. ஆனா வண்டியில மூணு பேர்தான். வையாபுரி பஸ்ஸுல வந்தாரு, அர்த்தநாரி அதே பஸ்ஸுல ஏற மாட்டேன்னு அடுத்ததுல வந்தாரு.

அப்போ வியாழக்கிழமை மிதிச்ச மிதியில நின்னது என்ன? அதுதான் இன்னைக்கு வரைக்கும் தெரியலை. நின்னது கொழந்தை இல்லைன்னு ஆனதும் ஊரு மறுபடி ஒருத்தரை ஒருத்தர் பாக்க ஆரம்பிச்சுது. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. சொல்ல மாட்டீங்க, யாரும் சொல்லலை.

ஒரு வாரம் அர்த்தநாரி கயித்தை வெச்சுத் தோட்டத்தை அளந்தாரு. கயிறு இழுத்தா நீளுது, விட்டா சுருங்குது, ஒரு நாளைக்கு ஒரு அளவு. குழாய் பொதைக்கிற பேச்சு எங்கேயோ போச்சு. செங்கோடனுக்குத் தாங்கலை.

"அந்தக் கை ரெண்டையும் நான் கண்ணாடியில பாத்தேன், பாவாயி. போயி நான் சொன்னது பொய்யின்னு சொல்லிப்போடு. ரெண்டு பேருமே வயசானவங்க."

பாவாயி ரவிக்கைக்குக் கை தைச்சுக்கிட்டிருந்தாள். "ஐப்பசியில மறுபடி எறங்கணுமில்லீங்க."

"அதுக்கு?"

"வலி எடுத்த பொண்ணோட எறங்கறோம். இருவத்தேழு வளைவு. அன்னைக்குக் கடைசி வளைவுல எங்கிட்ட எவ்வளவு சண்டை மிச்சம் இருந்துச்சுன்னு நீங்கதான் பாத்தீங்களே."

அவள் நூலைப் பல்லால கடிச்சு அறுத்தாள், ரவிக்கையை மடிச்சு வெச்சாள், முகம் கழுவினாள். அர்த்தநாரி கோவம் நாலு நாளா தணிஞ்சு வர்றதை, அவரு வையாபுரி வாசல் பக்கமா ரெண்டு தடவை எட்டிப் பாத்ததை, அவள் ஜன்னல் வழியாக் கவனிச்சுக்கிட்டுத்தான் இருந்தாள். தெருவுல எறங்கி அவரு வீட்டுக்குப் போயி, மொளகு காயப் போட்டுக்கிட்டிருந்தவருக்குப் பக்கத்துல குந்தி உக்காந்து, ரெண்டு மணியை எடுத்து உள்ளங்கையில உருட்டிப் பாத்துக்கிட்டே கேட்டாள்:

"ஏனுங்கண்ணா, நேத்து இருந்த எடத்துலயேதான் இன்னைக்கும் உங்க வேலி இருக்குதுங்களா?"